ஜிம்முல ஃபோனைத் தடை பண்ணலாமா? ஒரே ஸ்குவாட் ரேக், சாயந்தர பேட்ச், செட்டுக்கு நடுவுல ரீல்ஸ்

டோல்கேட்_டம்பெல் (கேள்வி):

வணக்கம். தண்டையார்பேட்டை பக்கம் ஒரு சின்ன ஜிம். சாயந்தர பேட்ச் என் பொறுப்பு. இடம் 15க்கு 40 அடி. ஒரே ஒரு ஸ்குவாட் ரேக், ரெண்டு பெஞ்ச், ஒரு கேபிள் மெஷின், டம்பெல் 30 கிலோ வரைக்கும். 6 மணிலேர்ந்து 9 மணிக்குள்ள 25 பேர் வந்து போறாங்க. ஹார்பர், மணலி ஷிஃப்ட் முடிச்சு நேரா வர்றவங்க பாதி, காலேஜ் பசங்க பாதி.

பிரச்சனை ஃபோன்தான். ஒரு செட் முடிஞ்சதும் பெஞ்சுலயே உட்கார்ந்து ரீல்ஸ். அடுத்த செட்டுக்கு எழ அஞ்சு நிமிஷம், சில நேரம் எட்டு நிமிஷம். பின்னாடி ரெண்டு பேர் காத்திருக்காங்க. 8:45 ஆனா பாதி எக்சர்சைஸ் மிச்சம், "மாஸ்டர், நாளைக்கு போட்டுக்கறேன்"னு கிளம்பிடறாங்க. இப்படியே மூணு மாசம் போனா வெயிட் ஏறல, ஜிம் சரியில்லன்னு பேச்சு.

கேட்க வேண்டியது இதுதான். ரெஸ்ட் நீண்டா நிஜமாவே பலன் குறையுமா, இல்ல நாமதான் பெரிசு பண்றோமா? உடம்பு "ஆறிப் போயிடும்"னு சொல்றது சரியா? முழுசா தடை போட்டா டைமர் வைக்கிறவங்க, ஃபார்ம் பார்க்க வீடியோ எடுக்கிறவங்க, கம்பெனி கால் வர்றவங்க என்ன பண்ணுவாங்க? அனுபவம் உள்ளவங்க விவரமா சொல்லுங்க.

---

வண்ணை மாஸ்டர்:

தம்பி, தடை அப்புறம் யோசிக்கலாம். முதல்ல அந்த ஒரு ரேக்கை எப்படி ஓட்டறீங்கன்னு பாருங்க. ஒருத்தர் ரேக்கைப் பிடிச்சா அவர் முடிக்கிற வரைக்கும் அவருக்குத்தான்னு இருந்தா, நடுவுல அவர் ஃபோன் எடுக்கத்தான் செய்வார். கை சும்மா இருக்கே.

மூணு பேரா சேர்த்து மாத்தி மாத்தி போட வைங்க. கணக்கு இப்படி வரும். 5 ரெப் ஸ்குவாட், அதாவது பாரைத் தோள்ல வெச்சு அஞ்சு தடவை உட்கார்ந்து எழறது, ஒரு செட். பாரை எடுத்து வெளிய வந்து திரும்ப வைக்கிற வரைக்கும் 40 செகண்ட். பிளேட் மாத்தி அடுத்த ஆள் பாருக்கு கீழ போக 35 செகண்ட். ஒரு ஆளுக்கு 75 செகண்ட், மூணு பேருக்கு 225. அதுல தன்னோட 40 செகண்ட் போனா ஒவ்வொருத்தருக்கும் ரெஸ்ட் 3 நிமிஷம் 5 செகண்ட். கனமான ஸ்குவாட்டுக்கு வேண்டியது அதுதான். டைமரே தேவையில்லை, அடுத்த ஆள்தான் டைமர்.

இப்ப வேலையைப் பிரிங்க. ஒருத்தர் தூக்குறார், ஒருத்தர் பின்னாடி நின்னு ஸ்பாட் பண்றார், அதாவது முடியாம போனா பிடிக்கத் தயாரா நிக்கிறார், மூணாவது ஆள் அடுத்த செட்டுக்கு பிளேட்டைத் தயாரா எடுத்து வைக்கிறார். மூணு பேர் கையிலயும் வேலை இருக்கு. ஃபோன் எடுன்னாலும் எடுக்க மாட்டாங்க.

ஒரு ஆளுக்கு வார்ம்-அப் 3 செட், முழு வெயிட்ல போடுற வொர்க்கிங் செட் 5, மொத்தம் 8. மூணு பேருக்கு 24 செட். 24 தடவை 75 செகண்ட்னா சரியா 30 நிமிஷம். உங்க 3 மணி நேரத்துல ஒரே ரேக்குல ஆறு குழு, 18 பேர் ஸ்குவாட் முடிச்சிடலாம். அதே ரேக்குல ஒருத்தர் மட்டும் நாலரை நிமிஷ ரெஸ்ட்டோட போட்டா மணிக்கு 11, 12 செட்டுதான் ஓடும். இப்ப உங்க ஜிம்முல நடக்கிறது இதுதான்.

எங்க சொதப்பும்னா, குழு சேர்க்கிற இடத்துல. உயரம் பார்த்து சேருங்க. அஞ்சடி நாலு அங்குல ஆளையும் ஆறடி ஆளையும் சேர்த்தா ஒவ்வொரு செட்டுக்கும் ரேக் கொக்கியை ஏத்தி இறக்கணும், 35 செகண்ட் ஒன்றரை நிமிஷம் ஆயிடும். வெயிட்டும் அப்படித்தான். ரெண்டு பேருக்கும் நடுவுல வித்தியாசம் 20 கிலோவுக்குள்ள, அதாவது பக்கத்துக்கு ஒரு 10 கிலோ பிளேட் மட்டும் மாத்துற மாதிரி இருக்கணும். 60 போடுறவரையும் 140 போடுறவரையும் ஒண்ணா விடாதீங்க.

ரெண்டு பேரை மட்டும் சேர்த்தா ரெஸ்ட் 1 நிமிஷம் 50 செகண்ட் ஆயிடும். கனமா தூக்கறவங்களுக்கு அது பத்தாது, கடைசி செட்டுல ரெப் விழும். நாலு பேர்னா 4 நிமிஷம் 20 செகண்ட். 2, 3 ரெப் மட்டும் போடுற நாளுக்கு நல்லது, 10 ரெப் போடுற நாளுக்கு இழுவை.

---

ராயபுரம் அஞ்சஞ்சு:

அண்ணே, மாஸ்டர் சொன்னது முழுக்க சரி. உங்க முதல் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் விரிவா சொல்றேன். ஜிம்கள்ல பாதி பேர் இதைத் தலைகீழா புரிஞ்சு வெச்சிருக்காங்க.

நீண்ட ரெஸ்ட் எடுத்தாலே பலன் போச்சுன்னு கிடையாது. ஒரு கனமான செட்டுல தசை முதல்ல எடுத்துக்கிறது கிரியேட்டின் பாஸ்பேட், தசைக்குள்ளயே இருக்கிற உடனடி சக்தி இருப்பு. அது அரை நிமிஷத்துலேர்ந்து ஒரு நிமிஷத்துக்குள்ள பாதி திரும்ப நிறையும். மிச்சம் மெதுவாத்தான் வரும், கிட்டத்தட்ட முழுசா நிறைய 3லேர்ந்து 5 நிமிஷம் ஆகும். 2016ல வந்த ஒரு ஆய்வுல, ஏற்கெனவே பயிற்சி இருக்கிற ஆண்களை ரெண்டா பிரிச்சு 8 வாரம் ஒரே மாதிரி எக்சர்சைஸ் கொடுத்தாங்க. ஒரு குழுவுக்கு ரெஸ்ட் 1 நிமிஷம், இன்னொண்ணுக்கு 3 நிமிஷம். ஸ்குவாட், பெஞ்ச் பலம் 3 நிமிஷக் குழுவுக்குத்தான் அதிகமா ஏறுச்சு. தசைப் பருமன்லயும் அவங்க பக்கம்தான் முன்னிலை. அதனால ஸ்குவாட்டுக்கு நாலு நிமிஷம் உட்கார்ற ஆளைத் திட்டாதீங்க. திட்டுக்குப் பயந்து 1 நிமிஷத்துல எழுந்து போடுறவர்தான் நஷ்டப்படுவார்.

அப்புறம் ஃபோன்ல என்ன தப்பு? ரெஸ்ட் நீளமா இருக்கிறதை விட, ஒவ்வொரு தடவையும் வேற வேற நீளமா இருக்கிறதுதான் தப்பு. உதாரணமா, 80 கிலோ, 5 ரெப், 5 செட். போன வாரம் 3 நிமிஷ ரெஸ்ட், கடைசி செட்டுல 4 ரெப்தான் வந்துச்சு. இந்த வாரம் வாட்ஸ்அப் குரூப்ல ஏதோ சண்டை, ரெஸ்ட் 6 நிமிஷம், 5 ரெப்பும் வந்துடுச்சு. பலம் ஏறிடுச்சுன்னு அடுத்த வாரம் 82.5 ஏத்துறார். அன்னிக்குக் கூட்டம், ரெஸ்ட் 3 நிமிஷம்தான். மூணாவது செட்டுலயே நின்னுடுது. மறுபடி 77.5க்கு இறங்குறார். மூணு மாசம் வெயிட் ஏறலன்னு உங்ககிட்ட சொல்றவங்க நோட்டு வெச்சிருந்தா எடுத்துப் பாருங்க, இந்த ஏறி இறங்குற ஓட்டம் தெரியும். பலம் குறையல, அளக்கிற கோல் மாறிட்டே இருக்கு.

ரெண்டாவது தப்பு சின்ன எக்சர்சைஸ்ல. சைடு லேட்டரல், கர்ல், டிரைசெப்ஸ் புஷ்டவுன் இதுக்கெல்லாம் 60லேர்ந்து 90 செகண்ட் போதும். 5 நிமிஷம் விட்டா தசைக்குக் கெடுதல் ஒண்ணும் இல்ல, ஆனா நேரம் போயிடும். 18 செட் போடுற ஆளுக்கு நடுவுல 17 ரெஸ்ட். சராசரி 2 நிமிஷம்னா 34 நிமிஷம். சராசரி நாலரைன்னா 76 நிமிஷம் 30 செகண்ட். செட் நேரம் ஒரு 12 நிமிஷம் சேருங்க. ஒருத்தர் 46 நிமிஷத்துல முடிக்கிறார், இன்னொருத்தருக்கு 88 நிமிஷம். ஏழே முக்காலுக்கு ஆரம்பிச்சு 8:45க்குக் கிளம்பினா ரெண்டாவது ஆளுக்கு ஆறேழு செட் விழுந்து போகும். அது பெரும்பாலும் கடைசியில வெச்சிருக்கிற முதுகு, பின்தொடை வேலையாத்தான் இருக்கும். வாரம் நாலு நாள் அப்படின்னா எவ்வளவு செட் போகுதுன்னு நீங்களே பாருங்க.

மூணாவது, நிறைய பேர் கவனிக்காதது: ஜிம்முக்கு வர்றதுக்கு முன்னாடி ஃபோன். அரை மணி நேரம் சோஷியல் மீடியாவை ஓட்டிட்டு வந்து ஸ்குவாட்டை முடியாத வரைக்கும் போட வெச்சுப் பார்த்த ஆய்வுல மொத்த ரெப் குறைஞ்சது. ஒரே ஒரு தடவை தூக்குற அதிகபட்ச வெயிட்டுல மனக்களைப்பு பெரிசா கை வைக்கிறதில்லன்னுதான் ஆய்வுகள் பெரும்பாலும் சொல்லுது. அடி வாங்கறது 8, 10, 12 ரெப் செட்டுல "இன்னும் ரெண்டு வரும்"ங்கிற இடத்துல. தலை களைச்சுப் போனா அதே வெயிட் கனமாத் தெரியும், ஆள் முன்னாடியே நிறுத்திடுவார். பஸ்லயோ மெட்ரோலயோ வர்ற அந்த அரை மணி நேரம் பாட்டு கேட்டுட்டு வரச் சொல்லுங்க, ஸ்க்ரோல் வேண்டாம். இது ஒண்ணுக்கும் காசு செலவில்ல.

"ஆறிப் போறது" பத்தி: சூடேறின தசை 5 நிமிஷத்துல ஆறிடாது. நம்ம ஊர் மே மாசத்துல ஃபேன் மட்டும் ஓடுற ஜிம்முல சொல்லவே வேண்டாம். ஏசி நேரா மேல அடிக்கிற இடத்துல 10, 15 நிமிஷம் ஒரே இடத்துல உட்கார்ந்துட்டா மட்டும் ஒரு லேசான செட் போட்டுட்டு அப்புறம் கனமானதுக்குப் போகச் சொல்லுங்க.

---

பெரம்பூர் பிசியோ:

சார், மேலே இருவரும் நேரக் கணக்கைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். உடல் சம்பந்தப்பட்டதை மட்டும் நான் சேர்க்கிறேன்.

முதலில் தலைசுற்றல். கால் செட் கடினமாகப் போட்டதும் ரத்தம் தொடைகளில் தேங்கி நிற்கும். நடந்தால் கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி அந்த ரத்தத்தை மேலே தள்ளும். நடக்காமல் சட்டென்று உட்கார்ந்து, தலையைக் குனிந்து நாலு நிமிடம் திரையைப் பார்த்துவிட்டு, "உன் டர்ன்" என்றதும் துள்ளி எழுந்தால் ரத்த அழுத்தம் ஒரு கணம் இறங்கும், கண் இருட்டும். வியர்வையில் தண்ணீரும் உப்பும் போயிருக்கும் சாயந்தர நேரத்தில் இது இன்னும் அதிகம். கண் இருட்டிய நிலையில் பாரைத் தோளில் ஏற்றுவது ஆபத்து. கால் செட் முடிந்ததும் முதல் ஒரு நிமிடம் மெதுவாக நடக்க வேண்டும், பிறகு உட்காரலாம், எழுந்ததும் இரண்டு மூன்று மூச்சு நின்று விட்டுப் பாருக்குப் போக வேண்டும். ஃபோன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதைப் பழக்குங்கள்.

அடுத்தது கழுத்து. தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. 60 டிகிரி குனிந்தால் கழுத்தில் 27 கிலோ சுமை என்று ஒரு படம் எல்லா இடத்திலும் சுற்றுகிறது. அது கணினி மாதிரியை வைத்துப் போட்ட கணக்கு, ஆட்களிடம் அளந்தது இல்லை. அதைக் காட்டிப் பயமுறுத்த வேண்டாம். ஆனால் 15 ரெஸ்ட், ஒவ்வொன்றும் 3 நிமிடம் என்றால் 45 நிமிடம் கழுத்தின் பின்தசை நீண்டபடியே வேலை செய்கிறது. அந்தத் தசைதான் டெட்லிஃப்ட்டிலும் (தரையிலிருந்து பாரைத் தூக்குவது) ஷ்ரக்கிலும் (எடையைப் பிடித்துத் தோளை உயர்த்துவது) தோளைப் பிடிக்க வேண்டும். பார்க்க வேண்டியது இதுதான்: ஓவர்ஹெட் பிரஸ்ஸில் (தலைக்கு மேல் தூக்குவது) பார் நெற்றியைத் தாண்டும்போது ஆள் தாடையை முன்னால் நீட்டுகிறாரா? அப்படியானால் பிரஸ்ஸுக்கு முன் சுவரில் முதுகும் பின்தலையும் ஒட்ட நின்று, தாடையை உள்ளே இழுத்து 5 விநாடி, அப்படி 6 தடவை. ஃபோன் பார்த்தே ஆக வேண்டும் என்றால் நின்றபடி, முழங்கையை விலாவில் ஊன்றி, திரையை மார்புக்கு மேலே உயர்த்திப் பார்க்கட்டும்.

கட்டைவிரல் பக்க மணிக்கட்டு வலியைச் சாதாரணமாக விடாதீர்கள். கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற நாலு விரலால் மூடி, கையைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்க்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் சுரீர் என்று குத்தினால், அங்கே ஓடும் தசைநாண்களின் உறை வீங்கியிருக்க வாய்ப்பு உண்டு. நாள் முழுவதும் கட்டைவிரலால் தள்ளுவதும், மாலையில் கனமான டம்பெல்லை மணிக்கட்டு மடங்க எடுப்பதும் சேர்ந்தால் அது ஆறாது. அவருக்கு ஹேமர் கர்லும் டம்பெல் வேலையும் கொஞ்ச நாள் நிறுத்தி, கேபிளில் நேரான பிடியுடன் வலியில்லாத அளவுக்கு மட்டும் கொடுங்கள். இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் மருத்துவரிடம் அனுப்புங்கள். பட்டை கட்டிக்கொண்டு தொடர்வது தீர்வல்ல.

தூக்கம் பற்றி ஒரு வரி. 9 மணிக்கு ஜிம் முடித்து 1 மணி வரை திரையைப் பார்ப்பவருக்கு நீங்கள் எந்தப் புரோகிராம் கொடுத்தாலும் ஏறாது. அதையும் கேளுங்கள்.

இன்னொன்று, இதை அழுத்தமாகச் சொல்கிறேன். உங்கள் ஜிம்மில் பெண்கள் வருகிறார்கள் என்றால் வீடியோவுக்கு விதி எழுத்தில் இருக்க வேண்டும். கேமரா சுவரைப் பார்த்து இருக்க வேண்டும், கண்ணாடியைப் பார்த்து அல்ல. கண்ணாடியை நோக்கி வைத்தால் அறை முழுவதும் பதிவாகும். வேறு யாராவது படத்தில் விழுந்தால் அழிக்க வேண்டும். கூச்சத்தால் ஒரு பெண் ஸ்குவாட்டையே விட்டுவிட்டு டிரெட்மில்லோடு போய்விடுவது நடக்கிறது. அவர் காரணத்தை உங்களிடம் சொல்ல மாட்டார்.

---

எண்ணூர் பவர்லிஃப்டர்:

நான் கொஞ்சம் மாறுபடுறேன். ரேக், பெஞ்ச் பக்கத்துல முழுத் தடைதான் சரி. காரணம் ரெஸ்ட் இல்ல, பாதுகாப்பு.

ஸ்பாட் பண்றவர் கையில ஃபோன் இருக்கவே கூடாது. பெஞ்ச் பிரஸ்ல பார் நெஞ்சுல நின்னு போனா பிடிக்க ஒண்ணு ரெண்டு செகண்ட்தான் இருக்கு. ஒரு கையால வீடியோ எடுத்துட்டே இன்னொரு கையை பாருக்குக் கீழ நீட்டி வெச்சு நிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. அது ஸ்பாட் இல்ல. 70 கிலோ பார் ஒரு பக்கம் மட்டும் தூக்கப்பட்டா மறுபக்கம் சாயும், தோள்தான் வாங்கும்.

ஃபோன் வைக்கிற இடமும் அப்படித்தான். பெஞ்சுக்கு அடியில வைக்கிறாங்க, டம்பெல்லைக் கீழ விட்டா அது மேலதான். டெட்லிஃப்ட் பார் பக்கத்துல தரையில வைக்கிறாங்க, பிளேட் உருண்டா போச்சு. கேபிள் மெஷின் வெயிட் ஸ்டாக் மேல வைக்கிறாங்க, முதல் ரெப்புலயே வழுக்கி இடுக்குல விழும். 20 கிலோ பிளேட் விழுந்து பேட்டரி நசுங்கினா புகை வரும், தீயும் பிடிக்கும். அதைக் கையால எடுக்கக் கூடாது, பாக்கெட்ல போட்டுட்டு வீட்டுக்கும் போகக் கூடாது. எல்லாரையும் தள்ளி நிக்க வைங்க, மூடின அறையா இருந்தா கதவைத் திறந்து வெளிய அனுப்புங்க.

ஷார்ட்ஸ் பாக்கெட்ல வெச்சுட்டு ஸ்குவாட் போகக் கூடாது. கீழ இறங்கும்போது ஃபோன் மூலை இடுப்பு மடிப்புல குத்தும், ஆள் அறியாமலே அந்தப் பக்கம் கம்மியா இறங்கி மறுபக்கம் சாய்வார். டெட்லிஃப்ட்ல பார் தொடையை உரசி வரணும், முன் பாக்கெட்ல ஃபோன் இருந்தா அதைத் தவிர்க்க பாரை முன்னாடி தள்ளுவார், சுமை கீழ் முதுகுக்குப் போகும்.

வயர் இயர்போன் டம்பெல் கைப்பிடியில மாட்டும். பிளூடூத்ல மாட்டாது, ஆனா ரெண்டு காதும் அடைச்சிருந்தா "விடு, நான் பிடிச்சிட்டேன்"னு சொல்றது கேட்காது. ஸ்பாட்டர் நிக்கிற செட்டுல ஒரு காது திறந்திருக்கணும்.

சார்ஜருக்கு தரையில எக்ஸ்டென்ஷன் போர்டு போட்டிருந்தா இன்னிக்கே எடுங்க. வியர்வைத் தரை, ஈரக்கை, கால் தடுக்குற வயர், மூணும் ஒண்ணா இருக்கவே கூடாது. வியர்வை இறங்கின ஃபோனை சார்ஜ் போட்டா போர்ட்டும் துருப்பிடிக்கும். நம்ம கடல் காத்துல பிளேட்டே துருப்பிடிக்குது.

வீடியோ எடுக்கிறதுக்கு நான் எதிரி இல்ல, ஒழுங்கா எடுத்தா அதை விட நல்ல மாஸ்டர் கிடையாது. ஆனா பெரும்பாலும் ஃபோனைத் தரையில செருப்பு மேல சாய்ச்சு, முன்னாடி மூலையிலேர்ந்து மேல பார்த்து எடுக்கிறாங்க. அந்தக் கோணத்துல முழங்கால் கேமராவுக்குக் கிட்ட, இடுப்பு தள்ளி. கிட்ட இருக்கிறது உயரமாத் தெரியும். அதனால அரைகுறையா இறங்கினாலும் முழு ஆழம் போன மாதிரி காட்டும். மேலேர்ந்து எடுத்தா இதுக்கு நேர்மாறு, நல்லா இறங்கினதே குறைவாத் தெரியும். சரியான இடம் நேர் பக்கவாட்டு, முழங்கால் உயரம். ஃபிளாட் பெஞ்ச் உயரம் கிட்டத்தட்ட அதுதான், 43 சென்டிமீட்டர் பக்கம். பெஞ்சை ரேக்குக்குப் பக்கவாட்டுல 10 அடி தள்ளிப் போட்டு, அது மேல ரெண்டு பெரிய பைண்டர் கிளிப்ல ஃபோனை நிக்க வெச்சா போதும். உங்க 15 அடி அகலத்துக்கு வேணும்னா ரேக்கைச் சுவர் பக்கம் தள்ளிக்கோங்க. இடம் பத்தலன்னு 0.5 வைடு லென்ஸ் போடாதீங்க, ஓரத்துல நேரான பாரே வளைஞ்சு தெரியும். செகண்டுக்கு 60 ஃப்ரேம் போதும், ஸ்லோமோஷன் தேவையில்ல.

அந்த நாளோட கனமான செட் ஒண்ணு மட்டும் எடுங்க. பார்க்கிறது ஒரே தடவை, ஒரே விஷயம். இன்னிக்கு ஆழம்னா ஆழம், பார் பாதத்துக்கு நடுவுல இருக்கான்னா அது மட்டும். முதல் ரெப் ஏற எவ்வளவு நேரம், கடைசி ரெப் ஏற எவ்வளவு நேரம்னு ஒப்பிட்டாலே இன்னும் எத்தனை ரெப் மிச்சம் இருந்துச்சுன்னு தெரியும். ரெண்டும் ஒரே வேகம்னா வெயிட் லேசு.

போட்டிக்குப் போற பசங்க இருந்தா ஒண்ணு சொல்லுங்க. பவர்லிஃப்டிங்ல பார் ரெடின்னு அறிவிச்சதும் ஒரு நிமிஷத்துக்குள்ள தூக்க ஆரம்பிக்கணும். வெயிட்லிஃப்டிங்லயும் ஒரு நிமிஷம், அடுத்தடுத்து அவரே தூக்கினா மட்டும் 2 நிமிஷம். "இந்த வீடியோ முடியட்டும்"னு பழகின உடம்புக்கு அந்தக் கடிகாரம் ஓடும்போது கை நடுங்கும்.

---

டோல்கேட்_டம்பெல்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மாஸ்டர் சொன்ன மூணு பேர் குழு திங்கக்கிழமையே ஆரம்பிக்கிறேன். பிசியோ மேடம் சொன்ன கேமரா விஷயம் யோசிக்கவே இல்ல, பெண்கள் ஆறு பேர் வர்றாங்க, அதையும் எழுதிப் போடறேன்.

ரெண்டு சந்தேகம். ஷிஃப்ட் ஆளுங்க கம்பெனி கால் எடுக்கணும், வீட்டுல பெரியவங்களுக்கு உடம்பு சரியில்லாதவங்களும் இருக்காங்க, அவங்க ஃபோனை அலமாரியில வைக்க மாட்டாங்க. அப்புறம், வெயிட் குறிச்சு வைக்கிறதை எல்லாரும் ஆப்புலதான் பண்றாங்க. குறிக்கத் திறக்கிறாங்க, நோட்டிஃபிகேஷன் பார்க்கிறாங்க, அங்கேயே போயிடறாங்க.

---

ராயபுரம் அஞ்சஞ்சு:

அண்ணே, ஃபோன் கால் விஷயம் சுலபம். ஆண்ட்ராய்டுல "தொந்தரவு செய்ய வேண்டாம்" போட்டு, நட்சத்திரம் குறிச்ச நம்பர்கள் மட்டும் வரலாம்னு வைக்கச் சொல்லுங்க. வீடு, ஷிஃப்ட் இன்சார்ஜ், ரெண்டே நம்பருக்கு நட்சத்திரம். அதுலயே திரும்ப அழைப்பவர்னு ஒரு வசதி இருக்கும். ஒரே ஆள் 15 நிமிஷத்துக்குள்ள ரெண்டாவது தடவை கூப்பிட்டா மணி அடிக்கும், அதையும் ஆன் பண்ணிடுங்க. ஐபோன்ல அந்த அவகாசம் 3 நிமிஷம். அவசரம்னா யாரும் ரெண்டு தடவை கூப்பிடுவாங்க. அதனால சத்தத்தை முழுசா வெச்சு அலமாரியில வெச்சாலும் முக்கியமான கால் தவறாது. பேசணும்னா வாசலுக்குப் போய்ப் பேசட்டும், போகும்போது குழுவுல சொல்லிட்டுப் போகட்டும். மத்த ரெண்டு பேர் அவர் முறையை விட்டுட்டு ஓட்டிக்கலாம்.

ஆப்பை விட முடியாதவங்களுக்கு ஆண்ட்ராய்டுல ஆப் பின் பண்ற வசதி இருக்கு, செக்யூரிட்டி செட்டிங்ஸ்ல. அதை ஆன் பண்ணி, வெளிய வர பின் நம்பர் கேட்கிற மாதிரி வெச்சுட்டா, திரையில அந்த ஒரு ஆப் மட்டும்தான் நிக்கும். ஐபோன்ல இதுக்கு கைடட் ஆக்சஸ்னு பேர். ஈரக் கையில திரை ஒழுங்கா வேலை செய்யாதுங்கிறதையும் மறக்காதீங்க. வியர்வைத் துளி விழுந்தா தொட்ட இடம் ஒண்ணு, திறக்கிறது வேற. துடைச்சு, திரும்பத் தொட்டு, அதுலயே அரை நிமிஷம் போகும்.

உண்மையைச் சொன்னா இதுக்கெல்லாம் நோட்டுதான் நல்லது. 40 பக்க நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், வியர்வைத் துளி பட்ட இடத்துல மை பரவி 82.5 என்ன 62.5 என்னன்னே தெரியாம போயிடும், பென்சில் எழுத்து அப்படியே நிக்கும். ஒரு வரியில தேதி, எக்சர்சைஸ், வெயிட், ஒவ்வொரு செட் ரெப், கடைசியில ரெஸ்ட். "ஸ்குவாட் 80: 5 5 5 5 4, ரெ 3" போதும். அந்த "ரெ 3"தான் முக்கியம், எந்த ஆப்பும் அதைக் கட்டாயமாக் கேட்கிறதில்ல. பென்சிலை நூல்ல கட்டி ரேக் கால்ல தொங்க விடுங்க, இல்லன்னா ரெண்டே நாள்ல காணாம போயிடும்.

டைமருக்கு செகண்ட் முள் இருக்கிற பெரிய சுவர்க் கடிகாரம் ஒண்ணு, ரேக்குலேர்ந்தும் கேபிள் மெஷின்லேர்ந்தும் தெரியற இடத்துல. முள் 12ல இருக்கும்போது செட் முடிஞ்சா மூணு சுத்து, அவ்வளவுதான். சின்ன எக்சர்சைஸ்க்கு ஒன்றரை சுத்து.

---

வண்ணை மாஸ்டர்:

கடிகாரத்தைக் கண்ணாடிக்கு நேர் எதிர்ல மாட்டாதீங்க தம்பி. கண்ணாடியில பார்த்தா முள் தலைகீழா ஓடும், ஆளுங்க குழம்புவாங்க. கண்ணாடி இருக்கிற அதே சுவர்ல, கண்ணாடிக்கு மேல மாட்டுங்க.

---

டோல்கேட்_டம்பெல்:

சரி மாஸ்டர். போர்டுல இப்படி எழுதலாம்னு இருக்கேன், தப்பிருந்தா சொல்லுங்க:

"ரேக், பெஞ்ச் பக்கத்தில் ஃபோன் கூடாது. அலமாரியில் வைக்கவும். ஸ்பாட் பண்ணும்போது ரெண்டு கையும் காலி. வீடியோ ஒரு நாளைக்கு ஒரு செட், கேமரா சுவரைப் பார்த்து. மற்றவர்கள் விழுந்தால் அழிக்கவும். கால் வந்தால் வாசலில் பேசவும். ரெஸ்ட் 3 நிமிஷத்துக்கு மேல் கூடாது."

---

எண்ணூர் பவர்லிஃப்டர்:

கடைசி வரியை மாத்துங்க. கனமான டெட்லிஃப்ட் 2, 3 ரெப் போடுறவருக்கு 5 நிமிஷம் வேணும், உங்க போர்டைப் பார்த்து அவர் அவசரமா எடுத்து முதுகைப் பிடிச்சுக்குவார். "ஸ்குவாட், டெட்லிஃப்ட், பெஞ்ச்: 3 முதல் 5 நிமிஷம். மற்றவை: 1 முதல் ஒன்றரை நிமிஷம். எடுத்த ரெஸ்ட்டை நோட்டில் எழுதவும்"னு போடுங்க.

---

பெரம்பூர் பிசியோ:

"கால் செட் முடிந்ததும் ஒரு நிமிடம் நடக்கவும்" என்பதையும் சேர்த்துவிடுங்கள் சார். பெரிய எழுத்தில், ரேக்கில் நிற்பவர் கண் உயரத்தில் இருக்கட்டும். வாசலில் ஒட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள்.